ஆவணமற்ற குடியேறிகள் அவசர சிகிச்சைப் பிரிவில் நம்மை நம்ப என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்க மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் சேரப்போகும் நீங்கள், ஆவணமற்ற குடியேறிகளின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் அதே பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நான் முதலில் சொல்வது, காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள் என்பதுதான்.

"இங்கே உங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டுத் தலங்களில் கைது நடவடிக்கையைத் தவிர்க்கச் சொன்ன மத்திய அரசின் வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. இது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். பொய்யான ஆறுதல் சொன்னால், அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. 1986இல் வந்த, அவசர சிகிச்சைக்கான மத்திய அரசின் எம்டாலா (EMTALA) சட்டப்படி, மருத்துவமனை பணம், காப்பீடு, குடியுரிமை எதையும் பாராமல் நோயாளியைப் பரிசோதித்து, ஆபத்து இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். டெக்சாஸில் ஆளுநரின் ஆணையால் 2024 நவம்பர் முதல் மருத்துவமனைகள் குடியேற்ற நிலையைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் பதில் எதுவானாலும் சிகிச்சை மாறாது. பதில் சொல்ல விருப்பமில்லை என்றும் கூறலாம். இந்த இரண்டையும் கேள்விக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கையில் ஆழமான வெட்டுக்காயத்தோடு வந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். மருத்துவர் வருவதற்குள் பதிவு ஊழியர் கணினி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, முகவரியையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் (அரசு தரும் அடையாள எண்) கேட்டார். காயம்படாத கையால் அவர் சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கிவிட்டார். கட்டிலிலிருந்து ஒரு கால் தரையில் இறங்கியும்விட்டது. ஊழியரைப் பிறகு வரச் சொல்லிவிட்டு, காயத்தைக் கழுவ உட்கார்ந்தேன். பதிவு வேலைக்காகப் பரிசோதனையைத் தாமதப்படுத்தக் கூடாது என்பதும் எம்டாலா விதிதான். தையல் முடிந்ததும், கேட்காமலேயே தொலைபேசி எண்ணைத் தந்தார்.

பயத்தில் சிலர் உறவினரின் பெயரில் பதிவு செய்துகொள்வார்கள். இது உயிருக்கே ஆபத்து. அந்த உறவினரின் ஒவ்வாமை, ரத்த வகை, பழைய மருந்துப் பட்டியல் எல்லாம் இவருடைய பதிவேட்டில் வந்து சேரும். அதட்டிக் கேட்டால் உண்மை வராது. "பெயரைப் பற்றி நான் கேட்கவில்லை. எந்த மருந்து உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பெயரும் தானாக வரும்.

மொழிபெயர்ப்புக்குப் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். தாயின் ரத்தப்போக்கைப் பற்றி மகன் கேட்டுச் சொல்வது கொடுமை. குவாதமாலாவிலிருந்து வரும் எல்லோரும் ஸ்பானிஷ் பேசுபவர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். மாம், கிச்சே என்ற அங்குள்ள பழங்குடி மொழிகளை மட்டும் அறிந்தவர்களும் உண்டு. தலையாட்டுவதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள்.

பதிவேட்டில் எழுதும்போது கை கவனமாக இருக்கட்டும். "நாடுகடத்தப்படுவோம் என்ற பயத்தால் தாமதமாக வந்தார்" என்ற வரி சிகிச்சைக்கு எதுவும் சேர்ப்பதில்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. வலி தொடங்கி எத்தனை நாளாயிற்று என்று எழுதினால் மருத்துவருக்குப் போதும்.

குடியேற்றத் துறை அதிகாரிகள் வந்துவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்புக் கூடம் பொது இடம். சிகிச்சை அறை அப்படியல்ல. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேறு, குடியேற்றத் துறை அதிகாரியே கையெழுத்திட்டது வேறு. அதைப் படித்துப் பார்த்து முடிவெடுப்பது மருத்துவமனையின் சட்டப் பிரிவின் வேலை. நீங்கள் நோயாளியின் அருகில் இருங்கள்.

அடுத்த பயம் பில். அவசர மெடிகெய்டுக்கு (வருமானம் குறைந்தவர்களின் அவசர சிகிச்சைச் செலவை ஏற்கும் அரசுத் திட்டம்) விண்ணப்பிக்கச் சொல்லும் முன், 2025இல் மெடிகெய்ட் விவரங்கள் குடியேற்றக் கைதுகளைக் கவனிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தரப்பட்டதையும் சொல்லிவிடுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும். லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் படிவத்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள். அதோடு, தையலை எங்கே, எந்த நாளில் பிரிக்க வேண்டும் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.