பண்டாரவளை வெயிலுக்குப் பயந்து பின்னல் ஊசியை மூட்டை கட்ட வேண்டுமா?

மார்ச் பிறந்தால் ஊல் நூலை மடியில் வைக்க முடியவில்லை, கொட்டனில் பின்னினால் சரிவருமா, அதிலேயே புதிதாக ஏதாவது பழகலாமா, லேஸ் (ஓட்டை ஓட்டையாக வரும் டிசைன்) கஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். பண்டாரவளைப் பக்கம் என்கிறீர்கள். ஹட்டனில் நாங்கள் மே முடிவதற்குள் மழைக்குள் போய்விடுவோம்; உங்களுக்கு ஜூன், ஜூலையிலும் கச்சான் என்கிற வறண்ட காற்றுதான். வீட்டில் யாராவது "இந்த வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர்?" என்று கேட்டிருப்பார்கள், அந்தக் கோபத்தில்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பின்னலாம். தாராளமாகப் பின்னலாம். மலையகத்தில் பின்னல் என்றாலே ஸ்வெட்டர், பிள்ளைக்குத் தொப்பி, சொக்ஸ். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

என் அக்கா மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். பகலில் 30 பாகையைத் தொடும் ஊர். கையில்லாத மேற்சட்டை ஒன்று பின்னித் தாங்க சித்தி என்றாள். பக்கத்தில் இருந்த அத்தை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நுவரெலியா பேல் பஜாரில் சட்டைகளை மலிவாக அள்ளிக்கொண்டு வரலாம், இவள் கொழும்புக்கு ஊல் சட்டை அனுப்பப் போகிறாள்!" ஊல் இல்லை அத்தை, கொட்டன் என்றேன். அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

நூல் வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். கொட்டன் என்று சொல்லிக் கொடுத்த முதல் கட்டு எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு துண்டைப் பற்றவைத்துப் பார்த்தேன். கொட்டன் எரிந்தால் காகிதம் எரிந்த வாசம் வரும், சாம்பல் உதிரும். இது உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிட்டது, செயற்கை நூல். அக்ரிலிக். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே மாற்றித் தந்தார். அக்ரிலிக்கைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மழைக்கால ஸ்வெட்டருக்கு நானும் அதைத்தான் எடுக்கிறேன். கேட்டதைத் தர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஊல் இழுத்தால் திரும்பி வரும், அந்த இழையிலேயே ஒரு சுருள் உண்டு. கொட்டனுக்கு அது கிடையாது. இழுபட்டால் இழுபட்டதுதான், பாரமும் அதிகம். அதனால் முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, கழுவி, கீழ் ஓரத்தில் நாலு கிளிப்பை மாட்டித் தொங்கவிட்டேன். சட்டையின் சொந்தப் பாரமே அதை எவ்வளவு கீழே இழுக்கும் என்று அதில் தெரிந்துவிடும். அந்த அளவை வைத்துத்தான் நீளத்தைக் கணக்குப் பார்த்தேன். இடுப்பு ரிப்புக்கு (இழுபடும் விளிம்புப் பட்டி) ஒரு அளவு சிறிய ஊசி. முன்னும் பின்னும் தனித்தனியாகப் பின்னிப் பக்கவாட்டில் தைத்தேன். தையல் இருந்தால் சட்டை தொய்யாமல் நிற்கும். இப்போது எல்லோரும் தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னுவதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பாரமான கொட்டனுக்கு அது எனக்குச் சரிப்படவில்லை.

அப்புறம் நான் புதிதாகப் பழகியது ஷார்ட் ரோ. பின் கழுத்து கொஞ்சம் உயர்ந்து நிற்க வேண்டுமென்றால் வரிசையை முடிக்காமல் பாதியில் திரும்ப வேண்டும். வெறுமனே திரும்பினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். கண்ணியைச் சுற்றிக் கட்டும் பழைய முறை ஊலில் மறைந்துவிடும், கொட்டனில் முடிச்சுப்போல் துருத்தும். ஜெர்மன் முறையில் திரும்பியதும் நூலை முன்னால் எடுத்து, முதல் கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றி, நூலை ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் இறுக்கி இழுக்க வேண்டும். ஒரு கண்ணி இரண்டு காலோடு நிற்கும். பிறகு அந்தப் பக்கம் வரும்போது இரண்டு காலையும் சேர்த்து ஒரே கண்ணியாக ஒரு நிட் (நேர்ப் பின்னல்). அவ்வளவுதான். நைட் டேட்டாவில், வேகத்தைப் பாதியாகக் குறைத்து, வீடியோவில் அந்தப் பெண்ணின் கையை மட்டும் பார்த்துப் பழகினேன். சட்டையில் கை வைக்கும் முன் அதே நூலில் சட்டி பிடிக்கும் துணி பின்னிப் பார்த்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், ஆனால் அக்ரிலிக்கில் வேண்டாம், சூட்டில் உருகும்.

அந்தச் சட்டையை அவள் ஒஃபீசுக்கே போட்டுக்கொண்டு போகிறாள். அத்தை இப்போது தனக்கு ஒன்று கேட்கிறார்.

இடையில் வட்ட ஊசி (இரண்டு முனையையும் வயரால் இணைத்த ஊசி) தேடி ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போனேன். சீசன் நேரம் அங்கே போகவே கூடாது. பஸ் நகராது. பூ பார்க்க, குதிரை ஓட்டம் பார்க்க வருபவர்களைத் தப்புச் சொல்லவில்லை, அவர்களை நம்பிப் பிழைப்பவர்களும் எங்கள் ஆட்கள்தான். ஆனால் ஹோட்டல் தொட்டி நிரம்பி வழிய, அங்கே இருக்கும் என் தோழி வீட்டுக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. சரி, அது வேறு கதை.

கழுவினால் கொடியில் தொங்கவிடாதீர்கள், அதுவும் கச்சான் காற்றில். துவாய்மேல் பரப்பிக் காயவையுங்கள்.

லேஸ் கஷ்டமில்லை, கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னும் இடத்தில் கொட்டன் இளகித் தராது, அதனால் முனை கூரான ஊசி எடுங்கள். டிசைன் ஒரு சுற்று முடியும்போதெல்லாம் வேறு நிறத் தையல் நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி வையுங்கள். பிசகினால் அந்த நூல்வரை மட்டும் பிரித்தால் போதும்.