வெளிநாட்டுப் பூச்சியிலிருந்து காட்டு மரங்களைக் காக்கத் தன்னார்வலர்களால் உண்மையில் ஏதாவது ஆகுமா?

ஆகும். ஆனால் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்புவதால் அல்ல. சனி ஞாயிறில் உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்று கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பெங்களூரில் பன்னேர்கட்டா சாலைப் பக்கம் ஒரு சின்னக் காட்டுத் துண்டுக்கு எங்கள் குழு போகும். தேக்குக் கன்றுகளின் கொழுந்தெல்லாம் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை. பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, 2008இல் கோயம்புத்தூரில் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, தேக்கு என்று ஒன்றையும் விடவில்லை. புதிதாக வந்த பையன் ஒருவன் வேப்பெண்ணெய்க் கரைசலை அடிக்கப் போக, எங்களோடு வரும் தோட்டக்கார அண்ணன், தருமபுரிக்காரர், "இரு தம்பி, இது ஓடுது பாரு" என்று தடுத்தார். மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு இழை, ஆனால் உருவம் பெரிசு, விறுவிறுவென ஊர்ந்து போய் ஒரு முட்டைப் பைக்குள் தலையை விட்டது. கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு! காபிச் செடியின் செதில்பூச்சியை ஒழிக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வண்டு, மாவுப்பூச்சியைத்தான் விரும்பித் தின்னும். அடித்திருந்தால் காவல்காரனையே கொன்றிருப்போம்.

பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும் மருந்து இல்லை. 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து வரவழைத்து விட்ட பொடிக் குளவிகள்தான். உடனே "மருந்தே கூடாதா, விவசாயி என்ன செய்வான்" என்று சண்டைக்கு வராதீர்கள். வயல் கதை வேறு, நான் பூச்சியியல் படித்தவளும் இல்லை, காட்டு மரத்துக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் மனசு ஆறவில்லை. குழுவின் வாட்ஸாப்பில் எல்லாம் ஆங்கிலம். அண்ணன் கண்டுபிடித்ததை வேறு யாரோ படத்தோடு போட்டுப் பாராட்டு வாங்கினார்கள். நாள்கூலியை விட்டுவிட்டு வருகிற மனிதர், பஸ் காசாவது கொடுங்கள் என்றால் "தன்னார்வலருக்கு எப்படி மேடம்?" என்கிறார்கள். பேனர் அடிக்க மட்டும் பணம் இருக்கிறது. எனக்கு இன்னும் கோபம்தான்.

சரி, உங்கள் விஷயம். ஒரு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் எறும்பைப் பாருங்கள், மாவுப்பூச்சி கழிக்கிற தேன் மாதிரி இனிப்பு நீருக்காக அது வண்டையும் குளவியையும் விரட்டும். தண்டில் துணி சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவினால் ஏறாது, பக்கத்துக் கிளை உரசாமல் இருக்க வேண்டும். மோசமான கொழுந்தை, வண்டுப் புழு இல்லை என்று பார்த்துவிட்டு, கிள்ளிப் பையில் கட்டுங்கள். கீழே போட்டால் குஞ்சுகள் காற்றிலேயே அடுத்த மரத்துக்குப் போய்விடும்.