பசிபிக் தீவுப் பள்ளிகள்: கேட்டவையும் சொன்னவையும்

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் ஆசிரியர் பயிற்சித் துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன் என்று தெரிந்ததும் பலர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். சிலர் ஆய்வு மாணவர்கள், சிலர் ஆசிரியர்கள், சிலருக்கு வெறும் ஆர்வம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஆய்வு மாணவி, மதுரை): மொத்த நாட்டிலும் சில ஆயிரம் பேர்தான் என்றால் ஆய்வுக்கு மாதிரி போதுமா?

மாதிரியே வேண்டாம். நாட்டிலுள்ள ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் நேராகவே கேட்டுவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நியுவே என்ற குட்டித் தீவு நாட்டில் 2000 பேர்கூட இல்லை. ஒரே தொடக்கப் பள்ளி, ஒரே உயர்நிலைப் பள்ளி. "தலைமையாசிரியர் ஒருவர் வருத்தப்பட்டார்" என்று பெயர் போடாமல் எழுதிப் பாருங்கள், யார் என்று மறுநாளே சந்தையில் பேசுவார்கள். பெயர் வெளியே வராது என்று ஒப்புதல் படிவத்தில் நாம் வழக்கமாகத் தரும் உறுதியை அங்கே தருவது பொய் சொல்வதற்குச் சமம். எதை எழுதப் போகிறீர்கள் என்பதைச் சொன்னவரிடமே வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பசிபிக் ஆய்வுகளில் தலனோவா என்று உட்கார்ந்து பேசும் ஒரு முறையைச் சொல்கிறார்களே, அது நேர்காணல்தானே? புதுப் பெயர் எதற்கு?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் முறை ஒரு ஃபிஜி கிராமத்துக்கு நாற்பது கேள்விகளை அச்சடித்து எடுத்துப் போனேன். விருந்தாளிக்கு மரியாதை என்று எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். அதே மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று வட்டமிட்டுக் கொடுத்தார்கள். பள்ளியில் குறை உண்டா, ஆம். குறையே இல்லையா, அதற்கும் ஆம்.

அங்கே முறை வேறு. கிராமத்துக்குள் போகும்போது யங்கோனா வேரை (காவா பானம் இதிலிருந்துதான்) கட்டாகக் கொண்டுபோய்ப் பெரியவர்கள் முன் வைக்க வேண்டும். செவுசெவு என்பது இதுதான். அதை அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகே பாயில் இடம். முதல் நாள் முழுக்க உங்களைப் பற்றித்தான் விசாரிப்பார்கள்: அப்பா அம்மா யார், எந்த ஊர், எதற்காக வந்தீர்கள். உங்கள் கேள்விக்கு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முறை வரும். டோங்காக்காரரான ஆய்வாளர் திமோட்டே வாயோலெட்டி 2006இல் இந்தப் பேச்சையே ஓர் ஆய்வு முறையாக வரையறுத்து எழுதினார். நேர்காணலில் கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர். தலனோவாவில் நீங்களும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். யங்கோனாக் கிண்ணத்தைச் சுற்றி முன்வரிசையில் அமர்பவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள். பதினைந்து வயதுப் பெண் பிள்ளை அங்கே வாய் திறக்காது. அவளைக் கேட்க வேண்டுமானால் ஒரு பெண் ஆய்வாளர் தனியாக, சமையலுக்குக் கிழங்கு சீவும் நேரத்தில்தான் போய்க் கேட்க வேண்டும்.

கேள்வி: அவர்களுடைய சொந்தக் கல்விக் கோட்பாடு ஏதாவது உண்டா?

உண்டு. டோங்காவைச் சேர்ந்த கல்வியாளர் கொனாய் ஹெலு தாமன் தந்த கக்காலா, அதாவது பூமாலை. டோலி என்றால் பூப்பறித்தல், டுயி என்றால் தொடுத்தல், லுவா என்றால் கொடுத்தல். மாலை கட்டும் வேலைதான். நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. எந்தப் பூவை எங்கே வைப்பது என்பதற்கு டோங்காவில் கண்டிப்பான வரிசை உண்டு, ஹெய்லாலா பூவுக்குத்தான் முதல் மரியாதை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் முன்தயாரிப்பு, பொருத்தம், உள்ளத்தைத் தொடுதல் என்று மேலும் சில படிகளைச் சேர்த்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது படி. தொடுத்த மாலை தொடுத்தவருக்கு இல்லை. அந்த ஊரைப் பற்றி எழுதிய ஆய்வேடு நியூசிலாந்தின் ஆக்லாந்து நூலக அலமாரியிலேயே கிடந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, கோவை): வகுப்பில் பேசாத பிள்ளையைப் பின்தங்கியவர் என்று குறிக்கிறார்களா?

வெளியிலிருந்து வரும் ஆசிரியர்கள் குறிக்கிறார்கள். ஃபிஜிக் கல்வியாளர் உனாயிசி நபோபோ-பாபா மௌனத்துக்கே பல வகை உண்டு என்று காட்டியிருக்கிறார். பெரியவர் முன் அடக்கம் ஒரு மௌனம், உடன்படாததைக் காட்டும் மௌனம் இன்னொன்று. "கையைத் தூக்கி பதில் சொன்னால் மதிப்பெண்" என்ற அளவுகோலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி: பிள்ளைகளின் மனநலத்தை எப்படி அளக்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் மாணவர் நலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களிடம் நடக்கிறது. "கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை தனிமையாக உணர்ந்தீர்கள்" என்று ஒரு கேள்வி. நாடுகளை ஒப்பிட உதவும். ஒரே வீட்டில் பதினோரு பேரோடு தூங்கும் பிள்ளை அதை என்னவென்று புரிந்துகொள்கிறது என்பது தாளில் தெரியாது.

சமோவாவில் பிறந்த புலோட்டு-எண்டெமன் நியூசிலாந்தில் உருவாக்கிய ஃபோனோஃபாலே என்ற நல மாதிரி வேறு கோணம். நலம் என்பது ஒரு வீடு. தரை குடும்பம், கூரை பண்பாடு, தூண்கள் உடல், உள்ளம், ஆன்மா, மற்றவை என நான்கு. இங்கே தனி மனிதரிலிருந்து கணக்குத் தொடங்குவதில்லை. அதனால்தான் குடும்பம் கலைந்தால் பிள்ளை கலைவதும் இதில் தெரிகிறது. 2007இல் நியூசிலாந்து பருவகால வேலைத் திட்டம் தொடங்கியதிலிருந்து வனுவாட்டு, டோங்கா, சமோவா அப்பாக்கள் மாதக்கணக்கில் பழத்தோட்டங்களில் இருக்கிறார்கள். பள்ளிக் கட்டணம் வருகிறது, அப்பா வருவதில்லை.

தரையான குடும்பமே பிள்ளையை உறுத்துவதும் உண்டு. பள்ளியில் பிரம்படி அரசியலமைப்புக்கு முரண் என்று ஃபிஜி உயர் நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் "எங்களை அடித்துத்தானே வளர்த்தார்கள்" என்று என்னிடம் சொன்ன பெற்றோர் பலர்.

கேள்வி: தீவுகள் சிதறிக் கிடந்தால் இணையவழிக் கல்வி எளிதான தீர்வு ஆயிற்றே?

கடலடிக் கம்பி அறுபடாத வரை. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் எரிமலை வெடித்தபோது நாட்டை வெளியுலகோடு இணைத்த கம்பி அறுந்தது. அதைச் சரிசெய்ய ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. அச்சடித்த பாடப் பொட்டலத்தைப் படகில் அனுப்பும் பழைய வழியைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: "மூழ்கும் தீவுகளின் பிள்ளைகள்" பற்றி ஆய்வு செய்ய ஆசை.

முதலில் அந்தத் தலைப்பை மாற்றுங்கள். கடல் மட்டம் உயர்ந்து மூழ்கிவிடும் என்று பேசப்படும் துவாலு நாட்டில் சுமார் 11,000 பேர்தான். அவர்களைத் தேடிக்கொண்டு நிருபர்களும் ஆய்வாளர்களும் வந்தபடியே இருக்கிறார்கள். "பயமாக இருக்கிறதா?" என்று ஒரு பிள்ளையிடம் நான்கு பேர் கேட்டால், இல்லாத பயமும் வந்துவிடும். 2023இல் ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே போய்க் குடியேறலாம். எந்த மொழியில் படிக்க வைப்பது, பாட்டியை விட்டுப் போவதா, அங்கே போனால் மீன் பிடிக்கத் தெரிந்து என்ன பயன் என்றெல்லாம் வீடுகளில் பேசத்தானே செய்வார்கள். ஆய்வு அங்கிருந்து தொடங்கட்டும்.

கேள்வி (சென்னை): ஃபிஜியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்களா?

சில பள்ளிகளில். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்களுக்காகச் சாது குப்புசாமி 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகளையும், லம்பாசா நகரில் ஒரு செவிலியர் கல்லூரியையும் நடத்துகிறது. ஆனால் வீட்டு மொழி ஃபிஜி இந்தி. அந்தப் பேச்சும் பாடப்புத்தக இந்தியும் ஒன்றல்ல, ஆகவே பிள்ளைக்கு அதுவே ஒரு சுமை. தமிழ் கோயிலில் நிற்கிறது. முருகன் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ராகம் பிசகாமல் பாடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பொருள் கேட்டால் சிரிப்பார்கள். இதைப் பற்றி யாராவது ஆய்வு செய்யப் போவதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். யங்கோனா வேண்டாம், வெற்றிலைபாக்கு போதும்.