ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டுக்கு 24 அங்குல மானிட்டரா, 27 அங்குலமா?

கேமில் எதிரி மங்கலாகத் தெரிகிறது, 24 அங்குல மானிட்டர் வாங்கலாமா, 27 அங்குலமா என்று கேட்டிருந்தீர்கள். 24 அங்குல 1080பி (1920×1080 பிக்சல்), 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கும்), ஐபிஎஸ் வகை பேனல் மானிட்டரையே எடுங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 27 அங்குல 1440பி (2560×1440 பிக்சல்), 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் உங்கள் ஜிடிஎக்ஸ் 1650-க்குச் சுமை. கார்டு சுமார் 1.8 மடங்கு பிக்சல் வரைய வேண்டும். வாலரன்ட் போன்ற இலகுவான கேம் ஓடிவிடும், பெரிய கேம்கள் திணறும்.

இப்போது எதிரி நகரும்போது மங்கலாகத் தெரிகிறது என்கிறீர்களே, பெரும்பாலும் பழைய 60 ஹெர்ட்ஸ் திரைதான் காரணம். வாங்கும் முன் வாலரன்ட்டில் எஃப்பிஎஸ் (கார்டு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற எண்) திரையில் தெரியும்படி வைத்துப் பாருங்கள். சண்டை நடக்கும்போதும் 100-க்கு மேல் நின்றால் 144 ஹெர்ட்ஸ் நிச்சயம் பலன் தரும். 60-க்குக் கீழே விழுந்தால் புது மானிட்டர் அதைச் சரிசெய்யாது.

அப்புறம், பெட்டியில் போட்டிருக்கும் ‘1 எம்எஸ்’ஸை (பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம், மில்லிசெகண்டில்) மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அப்படிப் போட்டிருந்தாலும், மலிவான விஏ (இன்னொரு வகை) பேனல்களில் இருட்டுக் காட்சிகள் நகரும்போது இழுபட்டுத் தெரியும். மாட்டியதும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144-ஐத் தேர்ந்தெடுங்கள், பல சமயம் அது 60-லேயே இருக்கும்.