இரண்டு சுற்று மீதமிருக்கும் போது
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த உயர்தர மாணவி. எங்கள் புல் மைதானத்தில் 1,500 மீற்றரை 5 நிமிடம் 15 செக்கனில் ஓடி முடிப்பேன். கண்டியில் நடந்த மாகாண மட்டப் போட்டியிலோ, ஸ்பைக்ஸ் சப்பாத்து (அடியில் ஆணி வைத்தது) அணிந்து நின்றவர்களைக் கண்டதுமே கை நடுங்கிவிட்டது. முதல் 300 மீற்றரை 55 செக்கனில் கடந்ததாக எங்கள் சேர் கூறினார். இரண்டு சுற்று மீதமிருக்கையில் ‘உன்னால் முடியாது’ என்ற எண்ணம் எழுந்தது. 5 நிமிடம் 41 செக்கனில், எட்டாவதாக வந்தேன். எனக்கு மனவலிமை இல்லையா?
– வாசகி, ஹட்டன்

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த 55 செக்கன்தான் என் கண்ணில் முதலில் பட்டது. 5 நிமிடம் 15 செக்கன் என்றால், சீரான வேகத்தில் தொடக்க 300 மீற்றருக்கு 63 செக்கனும், பின்வரும் மூன்று 400 மீற்றர் சுற்றுகளுக்கும் தலா 84 செக்கனும் ஆகும். மற்றவர்களின் சப்பாத்தைப் பார்த்த பதற்றத்தில் அவர்கள் பின்னாலேயே ஓடி, நீங்கள் 8 செக்கன் முந்திப் போய்விட்டீர்கள். அந்தக் கடனை உடல் 700 மீற்றரில் வட்டியோடு கேட்டபோது, மூச்சிரைப்பையும் கால் கனத்ததையும் மனம் ‘முடியாது’ என்று புரிந்துகொண்டது. காற்றின் மீதும் பழி போட முடியாது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது, கண்டியோ ஏறத்தாழ 500 மீற்றரில் இருப்பதால், காற்று அடர்த்தி கூடிய அங்கே மூச்சுக்குச் சற்று இலகுவாகவே இருந்திருக்கும்.

தன்னம்பிக்கையைப் பற்றி 1977இல் எழுதிய உளவியலாளர் அல்பர்ட் பண்டுரா, ஒருவர் தாமே செய்து முடித்த செயல்தான் அதற்கு மிக உறுதியான ஊற்று என்றார். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைகள் அதைவிட வலுக் குறைந்தவைதான். ஆகவே கண்ணாடி முன் நின்று ‘நான் வெல்வேன்’ என்று நூறு முறை சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பயிற்சியின்போதும் சுற்றுக்கு எத்தனை செக்கன் என்று எழுதி வாருங்கள். வாரம் ஒருமுறை, வேண்டுமென்றே 63 செக்கனில் தொடங்கி, மற்றவர்கள் முன்னே போவதைப் பார்த்துக்கொண்டே ஓடிப் பழகுங்கள். போட்டிக்கு முந்திய இரவு அந்தக் கொப்பியைப் புரட்டினால், சந்தேகத்துக்குப் பதில் சொல்ல உங்கள் கையெழுத்திலேயே கணக்கு இருக்கும்.

கண்டி தந்த முத்தையா முரளிதரனை நினைத்துப் பாருங்கள். 1995 டிசெம்பர் 26 அன்று மெல்பேர்னில், அவர் விதிக்கு மாறாக முழங்கையை நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்று நடுவர் ஏழு தடவை ‘நோ போல்’ அறிவித்தார். அவரும் வாதாடிக்கொண்டே இருந்துவிடாமல், அடுத்த ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் தமது கையசைவை அளக்கக் கொடுத்தார். 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தும் வரை, சந்தேகக் குரல்கள் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. அவற்றின் நடுவேதான் அவர் பந்து வீசினார். உங்களுக்கும் 700 மீற்றரில் அந்த எண்ணம் மறுபடி வரும். அதை விரட்ட முயலாமல், தோளைத் தளர்த்தி, அடுத்த வளைவு வரை மட்டும் பாருங்கள். சப்பாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: கடன் பட்டு வாங்க வேண்டாம், பாடசாலையில் கேட்டுப் பாருங்கள். ஆனால் இரவல் சப்பாத்தைப் போட்டி நாளன்று முதன்முதலாக அணியாதீர்கள்.

கேள்வி: என் மகன் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் வாந்தியெடுக்கிறான். ‘பயப்படாதே’ என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை.
– தந்தை, பண்டாரவளை

பதில்: அப்படிச் சொல்லும்போது, அஞ்ச வேண்டிய ஏதோ ஒன்று இருப்பதாகவே பிள்ளையின் காதில் விழும். நெஞ்சு படபடப்பதும் வயிறு கலங்குவதும், அட்ரினலின் என்ற ஹோர்மோன் சுரந்து தசைகளுக்கு இரத்தத்தை அனுப்பும் வேலையின் பக்க விளைவுகள். ‘உடம்பு ஓடத் தயாராகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு முன்பே இலேசாகச் சாப்பிடட்டும். போட்டியில்லாத நாட்களிலும் வாந்தியோ தூக்கமின்மையோ தொடர்ந்தால், முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்; பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியரோடும் பேசுங்கள்.