கேம் இன்ஜினில் ராணுவப் பயிற்சிக் களம்: கேள்வி பதில்

காரைக்குடி, பொறியியல் மாணவர்: சார், யூனிட்டி கேம் இன்ஜின்ல நம்ம ஊர்ப்பக்கத்தைக் களமாக்கியிருக்கோம். வெளி சிமுலேட்டரிலிருந்து டிஐஎஸ் (சிமுலேட்டர்கள் ஒன்னுக்கொன்னு தகவல் அனுப்பும் நெறிமுறை) வழியா வர்ற டாங்கி நடுங்குது. களத்தின் ஓரத்துக்குப் போனா தரைக்குள்ள புதையுது. ஏன்?

இரண்டும் வேறுவேறு கோளாறு, தம்பி. டிஐஎஸ் இடத்தைப் பூமியின் மையத்திலிருந்து மீட்டரில், 64 பிட்டில் அனுப்பும். காரைக்குடிக்கு ஒய் மதிப்பு மட்டுமே 61 லட்சத்துக்கு மேல். அதை 32 பிட் ஃப்ளோட்டில் (துல்லியம் குறைந்த எண் வகை) போட்டால் அரை மீட்டருக்குக் குறைந்த நகர்வே பதியாது, அதுதான் நடுக்கம். களத்தின் நடுவில் ஒரு தொடக்கப்புள்ளி வைத்து, வரும் இடத்திலிருந்து அதை முதலில் டபுளிலேயே (64 பிட் எண்ணிலேயே) கழித்துவிடுங்கள், பிறகு ஃப்ளோட்டாக்குங்கள். வரிசை மாறினால் பயனில்லை.

புதைவதற்குக் காரணம் பூமியின் வளைவு. உங்கள் தரை தட்டையான வரைபடத்திலிருந்து வந்தது. டாங்கியின் இடமோ உருண்டையிலிருந்து வருகிறது. 10 கிலோமீட்டரில் வித்தியாசம் சுமார் 7.8 மீட்டர். இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றி, தரைக்குப் பயன்படுத்திய அதே புரொஜெக்ஷனில் (உருண்டையைத் தட்டையாக்கும் கணக்கு) போடுங்கள். டாங்கியைத் தரையோடு ஒட்டவைத்தாலும் இந்தக் கோளாறு மறைந்துவிடும், ஆனால் ஹெலிகாப்டருக்கு அது உதவாது.

தேவகோட்டை வாசகர்: நிறுத்திவைத்த வண்டி சிறிது நேரத்தில் காணாமல் போகிறதே?

அனுப்பும் பக்கம் அசைவு இருந்தால்தான் செய்தி அனுப்புகிறது. வழக்கமான அமைப்பில் 5 நொடிக்கு ஒருமுறை இருப்பைச் சொல்ல வேண்டும். 12 நொடி செய்தியில்லையென்றால் மறுமுனை வண்டியை அழித்துவிடும்.

திருப்பத்தூர் வாசகர்: 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் உள்ள தரை உயரத் தரவு போதுமா?

கண்மாய்க் கரை அதில் கரைந்துபோகும். கரைக்குப் பின்னால் படுத்திருப்பவன் திரையில் வெட்டவெளியில் தெரிவான். கரைகளைக் கையால் வரைந்து சேர்த்துவிடுங்கள்.

கானாடுகாத்தான் வாசகி: செட்டிநாட்டு வீட்டுக்குள் போனதும் ஃபிரேம் ரேட் (நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) சரிகிறது.

முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியும். அக்லூஷன் கல்லிங் (மறைந்திருப்பதை வரையாமல் விடும் முறை) வெட்டுவதற்கு அங்கே சுவரே குறுக்கிடாது. தூண்களை இன்ஸ்டன்சிங்கில் (ஒரே வடிவத்தை ஒரே கட்டளையில் பலமுறை வரைவது) வரையுங்கள், கதவுச் செதுக்கலை நார்மல் மேப்பில் (மேடுபள்ளம் போலக் காட்டும் படம்) கொண்டுவாருங்கள், மூடும் கதவுக்கு அக்லூஷன் போர்ட்டல் (கதவு மூடியிருந்தால் பின்னாலுள்ளதை மறைக்கும் வாசல்) வையுங்கள். தூரத்தைப் பனிமூட்டம் போட்டு மட்டும் மறைக்காதீர்கள். படைவீரர் பழக வேண்டியதே அந்த நேர்ப்பார்வைதான்.

காரைக்குடி வாசகர்: கடையில் விற்கும் கேமையே அப்படியே எடுத்துக்கொண்டால்?

1996லேயே அமெரிக்க மரைன் படை டூம் 2-ஐ மாற்றி, 4 பேர் குழுப் பயிற்சிக்கு வைத்தது. விபிஎஸ் என்ற ராணுவப் பயிற்சி மென்பொருளும் ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட் கேமிலிருந்து பிறந்ததுதான். அடிபட்டவன் தானே குணமாவது, குறி தானே ஒட்டுவது, இவற்றை முதலில் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் தப்பான பழக்கம் ஏறிவிடும். வீட்டுக்கு வாங்கும் உரிமம் இதற்குச் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள், ஒப்பந்தத்தைப் படியுங்கள்.