கேளுங்கள், சொல்கிறேன்: முகம் பார்க்காத காது

கேள்வி: அமெரிக்கக் கார்ட்டூன் தொடர்களில் 'குரல் இயக்குநர்' என்று தனியாக ஒரு பெயர் வருகிறதே? நடிகர்களே படத்தைப் பார்த்துப் பேசிவிட மாட்டார்களா?
- வாசகி, கும்பகோணம்

பேசும் நேரத்தில் பார்ப்பதற்குப் படமே இருக்காது அம்மா! நான் சென்னையில் இருபது ஆண்டுகளாக டப்பிங் பேசுகிறவள். எங்களுக்குத் திரையில் உதடு அசையும். அந்த அசைவுக்குள் வார்த்தையை அடக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் குரல்தான் முதலில் பதிவாகும். அதைக் கேட்டுத்தான் ஓவியர்கள் வாயசைவை வரைவார்கள். நடிகர் கையில் இருப்பது வசனத் தாள் மட்டும். தன் பாத்திரம் காதோடு பேசுகிறதா, தெருமுனையில் போகிறவரைக் கூப்பிடுகிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? முழுக் கதையையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த ஒருவர் சொல்ல வேண்டும். அவர்தான் குரல் இயக்குநர்.

கேள்வி: 1992இல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூன் தொடரின் குரல்களை என் மகன் இன்றும் சிலாகிக்கிறான். அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்?
- வாசகர், ஈரோடு

குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரோமனோ என்ற பெண்மணி. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் ஐயா. நாடகம் படித்தவர், நடிகர்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர். 1984இல் ஹன்னா-பார்பரா நிறுவனத்தில் குரல் தேர்வுக்கு வந்தார். பிறகு டிஸ்னியின் 'டக்டேல்ஸ்', அதன்பின் வார்னர் பிரதர்ஸ்.

பேட்மேனுக்கு அவர் பிடித்தது கெவின் கான்ராய் என்ற மேடை நடிகரை. அதுவரை கார்ட்டூனுக்குப் பேசியே பழக்கமில்லாதவர். அவர் ஒரே ஆளுக்கு இரண்டு குரல் கொடுத்தார்: செல்வந்தன் புரூஸ் வேய்னுக்கு இலகுவானது, பேட்மேனுக்கு இருண்டது. இந்த இருண்ட குரல்தான் அவனுடைய உண்மைக் குரல், செல்வந்தன்தான் வேஷம் என்பது கான்ராயின் எண்ணம். பேட்மேனின் எதிரி ஜோக்கருக்கு முதலில் பேசியவர் டிம் கரி. அது மாற்றப்பட்டபோது வந்தவர் மார்க் ஹாமில். 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் நல்ல பிள்ளை நாயகன்! முகத்தை நினைத்துத் தேடுகிறவர்கள் கொலைகாரக் கோமாளிக்கு அவரைக் கூப்பிட்டிருப்பார்களா? ரோமனோ காதால் தேடினார்.

இதைவிட நான் ஏங்குவது இன்னொன்றுக்கு. இயன்ற போதெல்லாம் நடிகர்கள் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பதிவு செய்துவந்தார் ரோமனோ. ஒருவர் வசனத்தை வீசினால் எதிரே இருப்பவர் அந்தச் சூட்டிலேயே பதில் தருவார். ஹாமில் மட்டும் எழுந்து நின்றுகொண்டுதான் ஜோக்கராகப் பேசுவார். என் அனுபவமோ வேறு. ஒரு படத்தில் எனக்கு அம்மாவாகப் பேசியவரை ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில்தான் முதன்முதலாகச் சந்தித்தேன். படத்தில் அவர் மடியில் படுத்து அழுதிருக்கிறேன்.

கேள்வி: தொடர் நடக்கும்போதே குரல் கொடுப்பவர் இறந்துவிட்டால்?
- வாசகர், திருநெல்வேலி

ரோமனோ குரல் இயக்கிய 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரில் அது நடந்தது. ஐரோ மாமாவாகப் பேசிய மாகோ 2006இல் காலமானார். அடுத்து கிரெக் பால்ட்வின் பேசினார். குரலை ஒத்துப் பேசுவது பாதி வேலைதான். அந்தக் கிழவரின் பொறுமையும் வர வேண்டும். வந்தது.

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். எப்படித் தயாராவது?
- வாசகி, மதுரை

குரலைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ளட்டும், அதுதான் முதலில். ஒருமுறை காலை ஒன்பது மணிக்கே அலறல்களைப் பதிவு செய்யச் சொன்னார்கள். மறுக்கத் தெரியாமல் பத்து டேக் அலறினேன். மதியம் தாலாட்டுக் காட்சிக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. எட்டு நாள் பேச முடியவில்லை. விவரமறிந்த இயக்குநர் அலறல், அடிதடி முனகல் எல்லாவற்றையும் கடைசிக்குத்தான் வைப்பார்.

பள்ளி நாடகம் எதையும் விட வேண்டாம். சிறு வேடமானாலும் சரி. இயக்கும் ஆசை இருந்தால் இன்னொரு பயிற்சி. வானொலி நாடகத்தைக் கண்ணை மூடிக் கேட்கட்டும். பேசுகிறவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒவ்வொரு வசனத்துக்கும் எழுதி வைக்கட்டும். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.